கோயா மலைக்குப் போய்வந்த செம்பு

எடப்பாடியில் நான் நூல் டிப்போவை நடத்திக்கொண்டிருந்தபோது, ஜப்பானுக்கு ஓர் ஆளை அனுப்பிச் சிறிய விசைத்தறிகளைப் பார்த்துவரச் செய்வதென்று எங்கள் நெசவாளர் சங்கத்தார் தீர்மானித்தார்கள். மேட்டூர் அணை கட்டி முடித்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன; மின்சாரம் வந்துவிட்டால் தறி என்னவாகும் என்ற கேள்வி எல்லார் வாயிலும் இருந்தது. ஆங்கிலம் தெரிந்த பட்டதாரி நான் ஒருவனே ஆகையால் என்னையே அனுப்பினார்கள்.

செய்தி பரவியதும் டிப்போவுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஏதேனும் ஒன்றைக் கேட்டார்கள். ஒருவருக்குக் காகிதக் குடை, இன்னொருவருக்குச் சாவி கொடுத்தால் நடக்கும் பொம்மை. ஒருத்தி மட்டும் எலும்பைக் கேட்டாள்.

அவள் கெங்கவல்லியில் பிறந்து எடப்பாடியில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய கணவன், சேலத்து ஜவுளி வியாபாரி ஒருவரோடு சமையல் ஆளாகக் கோபே நகரத்துக்குப் போனான். போன மறு ஆண்டே, காய்ச்சலில் இறந்துவிட்டான் என்று வியாபாரி எழுதினார். அந்நாட்டு முறைப்படி தகனம் நடந்தது என்றும், எலும்பு அவன் குடியிருந்த வீட்டுக்கார அம்மாளிடம் பத்திரமாக இருக்கிறது என்றும் அதில் இருந்தது. பிறகு அவரும் கடையை மூடிக்கொண்டு ரங்கூனுக்குப் போய்விட்டார். இறந்தவனின் தாய், எலும்பு வந்து காவிரியில் கரையாமல் கருமாதி கிடையாது என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு சொல்லின் விளைவு முழுவதும் மருமகளின் தலையில் விழுந்தது. கருமாதி ஆகாததால் பிறந்த வீட்டார் கோடிச் சேலை கொண்டுவரவில்லை. கோடி வாங்காதவள் பிறந்த வீட்டுக்குப் போகக்கூடாது. கெங்கவல்லியில் அவளுடைய தகப்பனார் படுத்த படுக்கையாகிப் பிழைத்து எழுந்தபோதும் அவள் போகவில்லை. கழுத்தில் தாலி இருந்தது. ஆனால் கல்யாண வீட்டுக்கு அவளை யாரும் அழைப்பதில்லை, சாவு வீட்டுக்கும் அழைப்பதில்லை. இரண்டு ஆண்டுகளாகத் தறிக்குத் தார்க்குழலில் நூல் சுற்றிக்கொண்டு அந்த வீட்டில் இருந்தாள்.

மாமியாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. நூல் வாங்க இருவரும் சேர்ந்தே வருவார்கள். நடுவில் நான் நிற்க வேண்டும்.

"சாமி, அவளுக்கு ஊடை நூல் பத்துமான்னு கேளுங்க" என்பாள் மாமியார், மருமகளின் தோளில் இடித்தபடியே.

"பத்தாதுன்னு சொல்லுங்க அண்ணே."

"பத்தாதாமா. போன மாசம் வாங்குனதை எலி தின்னுருச்சான்னு கேளுங்க."

"எலிக்கும் அத்தை ஒண்ணும் மிச்சம் வைக்கலைன்னு சொல்லுங்க."

இப்படித்தான் வழக்கம். ஆனால் எலும்பைக் கேட்க வந்த அன்று அவள் தனியாக வந்தாள். மடியிலிருந்து ஒரு செப்புச் செம்பை எடுத்து மேசைமேல் வைத்தாள். சீர்வரிசையில் அவளோடு வந்த செம்பு அது.

"இதுல எடுத்துட்டு வாங்க" என்றாள்.

நான் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கைம்பெண்களின் நிலைபற்றிக் கல்லூரி நாள்களிலிருந்தே எனக்குச் சில கருத்துகள் உண்டு. கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன். நான் கொண்டுவரப்போவது ஒரு செம்பு எலும்பு மட்டும் அல்ல. அதன் பின்னால் தாலி அறுப்பு, வெள்ளைச் சேலை, முற்றத்தின் மூலை, எல்லாம் வரிசையாக வரும். அதற்கு நானே வண்டியோட்டி ஆக வேண்டுமா என்று எண்ணினேன். அதை அவளிடமே கேட்டுவிட்டேன்.

"இது வந்தா என்னென்ன நடக்கும்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியுங்க. தெரிஞ்சுதான் கேக்கறேன்."

"வராம இருந்தா தாலியாவது இருக்கும்."

"தாலி இருக்குது. அவரு அங்க ஒரு ஜப்பான்காரியைக் கட்டிக்கிட்டு, செத்துட்டேன்னு எழுதச் சொல்லிட்டாருன்னு தெருவுல பேசுறாங்க. அத்தையும் பாதி அதை நம்புறாங்க. நம்பினா மகன் உயிரோட இருப்பான் பாருங்க. அதனால அவங்களைக் குத்தம் சொல்லலை. ஆனா நான் எத்தினி நாளைக்கு இப்படியே கெடக்கறது? செத்தவரைச் செத்தவரா ஆக்கிக் குடுங்க, அண்ணே. அப்புறம் நடக்கறதை நான் பாத்துக்கறேன்."

அதற்குமேல் தயங்குவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. முழுவதையும் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த 'முழுவதையும்' என்ற சொல்லை யோசிக்காமல்தான் சொன்னேன். பிறகு அதுவே என்னை மலைவரைக்கும் இழுத்துப் போயிற்று.

ஓசாகாவில் என் வேலை தறிக்கூடங்களில் இருந்தது. ஒரே பெண் பல தறிகளுக்கு நடுவே நின்று, அறுந்த இழையை மட்டும் முடிந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். அந்த ஒரு பெண் செய்யும் வேலையால் எடப்பாடியில் எத்தனை வீட்டுத் தறி நின்றுபோகும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். விடை எனக்குப் பிடிக்கவில்லை. விடுமுறை வந்ததும் கோபேக்கு ரயிலேறினேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கடினமாக இல்லை. துறைமுகத்துக்கு மேலே ஏறும் சரிவில், கப்பல்காரர்களின் துணிகளைத் தைத்தும் வெளுத்தும் கொடுக்கும் ஒரு விதவை அம்மாளின் மரவீடு. அவளோடு தம்பியும் இருந்தார். பல ஆண்டுகள் கப்பலில் சமையல் செய்தவர். துறைமுக ஆங்கிலம் பேசுவார். சென்னைக்கும் கொழும்புக்கும் போயிருக்கிறார்.

"மதராஸ் தெரியும்" என்றார் என்னிடம். "வெயில், காக்கை. கொழும்பும் தெரியும். மழை, காக்கை."

நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் சிரிப்பு அடங்கிற்று. அக்காளிடம் மொழிபெயர்த்தார். அவள் எழுந்து, சுவரிலிருந்த சிறிய பூசை மாடத்தின் கதவைத் திறந்தாள். அவளுடைய கணவனின் படத்துக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணி சுற்றிய மூடியிட்ட பீங்கான் ஜாடி ஒன்று இருந்தது. அதன்முன் ஒரு கிண்ணத்தில் சோறு. சோற்றின்மேல் ஒரு காய்ந்த மிளகாய்.

"எங்களுக்கு மிளகாய் வைக்கும் வழக்கம் இல்லை. அவனுக்கு மட்டும்" என்றார் தம்பி.

அவள் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி வேறு. அவன் தன்னை எப்போதும் 'சாமி' என்று கூப்பிடுவானாம். கடைசி நாள்களில் தண்ணீர் வேண்டும்போதும் அதையே சொல்வானாம். அதற்கு என்ன பொருள் என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் பெரியவர்களையும் அப்படிக் கூப்பிடுவோம், குழந்தைகளையும் அப்படிக் கூப்பிடுவோம், கடவுளையும் அப்படித்தான் என்றேன். தம்பி அதைச் சொல்லிவிட்டு, இந்த மூன்றில் நீ எது என்று அக்காளைக் கேலி செய்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஜாடியைக் கொடுக்க அவள் மறுக்கவில்லை. ஆனால் அதில் எல்லாம் இல்லை என்றாள். தொண்டையில் உள்ள ஓர் எலும்பு, அமர்ந்திருக்கும் புத்தரைப் போன்ற வடிவமுள்ளதாம். அதையும் இன்னும் சிறிதையும் தனியே எடுத்துக் கோயா மலையில் சேர்ப்பது அவர்கள் குடும்ப வழக்கம். தன் கணவனுக்குச் செய்ததை இவனுக்கும் செய்திருந்தாள்.

"எனக்கு அதுவும் வேண்டும். முழுவதையும் கொண்டுவருவதாக அவன் மனைவிக்குச் சொல்லியிருக்கிறேன்" என்றேன்.

அக்காளும் தம்பியும் நெடுநேரம் பேசிக்கொண்டார்கள். கடைசியில் தம்பி சொன்னார்: "மலைக்கு வாருங்கள். நீங்களே கேளுங்கள். எப்படியும் நாம் போகத்தான் வேண்டும். அவன் ஊருக்குத் திரும்புகிறான் என்று மலையில் சொல்லாமல் ஜாடியைக் கொடுக்கமாட்டாளாம்."

இரண்டு நாள் கழித்துப் புறப்பட்டோம். அவள் ஜாடியைச் சதுரத் துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் செம்பை என் பையில் வைத்திருந்தேன். மின்சார ரயில் நெல்வயல்களைத் தாண்டி மலையிடுக்குக்குள் நுழைந்தது. அது நின்ற இடத்திலிருந்து இரும்பு வடத்தால் இழுக்கப்படும் வண்டியில் செங்குத்தாக மேலே போனோம். தம்பி வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். கப்பலில் சமைத்த காலத்தில் பயணிகளுக்கு ஊர் காட்டிப் பழகியவர் அவர், எதையும் விட்டுவைக்கமாட்டார். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அந்த மலையுச்சியே ஒரு கோயில் நகரம். முதலில் வந்த மகான் அங்கே ஒரு குகைக்குள் தியானத்தில் அமர்ந்தவர், இறக்கவில்லை, இன்றும் அமர்ந்திருக்கிறார். அவருக்கு நாள்தோறும் உணவு கொண்டுபோகிறார்கள் என்றார்.

"சாப்பிடுகிறாரா?" என்று கேட்டேன்.

"நான் சமையல்காரன். தட்டு திரும்பி வரும்போது அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது."

மலையின் வாயிலில் பெரிய கட்டடம் எதுவும் இல்லாத ஒரு திருப்பத்தில், சின்ன மரக்கூடம் ஒன்று இருந்தது. மற்றவர்கள் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். அந்த அம்மாள் மட்டும் நின்றுவிட்டாள். அது பெண்கள் கூடமாம். முன்பெல்லாம் பெண்கள் அதற்கு மேல் வரக்கூடாது. அவளுடைய தாய் இளவயதில் கணவனின் எலும்போடு இங்கே வந்து, கூடத்திலேயே இரவைக் கழித்து, எலும்பை ஆண்களிடம் கொடுத்தனுப்பிவிட்டு, மலைவிளிம்பின் ஒற்றையடிப் பாதையில் சுற்றி நடந்து, கோயில் கூரைகளை மரங்களுக்கு நடுவே பார்த்துவிட்டுத் திரும்பினாளாம். இப்போது அந்தத் தடை இல்லை.

"தடை போனதும் மலைக்கு ஏதாவது கெடுதல் வந்ததா என்று கேளுங்கள்" என்றேன். சங்கக் கூட்டங்களில் நான் கேட்கும் கேள்வி அது.

தம்பி கேட்டார். அவள் என்னைப் பார்த்துச் சொன்ன பதிலைச் சுருக்கமாக மாற்றித் தந்தார்: "மலை அப்படியே இருக்கிறது. அம்மா உள்ளே வந்து பார்க்கவில்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் இங்கே நின்று அவளுக்குச் சொல்லிவிட்டுப் போகிறாளாம்."

எங்கள் ஊரில் பாடை புறப்பட்டால் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். அந்த இடத்தில் கூடம் எதுவும் கட்டவில்லை. ஒரு வேப்பமரம் இருக்கிறது.

மலையின் நடுவே, கோயில் மண்டபங்களுக்குப் பக்கத்திலேயே சிவப்புத் தூண்களுள்ள சிறு சன்னதிகள் இருந்தன. அங்கே தம்பி இரண்டு முறை கைதட்டிக் கும்பிட்டார். கோயிலில் கைதட்டவில்லையே என்றதற்கு, "புத்தருக்குக் கும்பிடு. அம்மனுக்குக் கைதட்டு. மலை அம்மனுடையது. மகான் அவளிடம் இடம் கேட்டுக் குடிவந்தவர்" என்றார். கொல்லிமலைக்கு ஒரு பாவை காவல் என்று கேட்டு வளர்ந்த எனக்கு அந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றவில்லை.

பிறகு கல்லறைப் பாதை. இருபுறமும் வானம் தெரியாதபடி தேவதாரு மரங்கள். அவற்றின் அடியில் பாசி படிந்த கல்தூண்கள், எண்ண முடியாதபடி. சில தூண்களில் இருந்த எழுத்து வடமொழி எழுத்தின் சாயலில் இருந்தது. கடைசிப் பாலத்தின் முன் தொப்பியை எடுக்கச் சொன்னார்கள். அதற்கு அப்பால் இரவும் பகலும் அணையாத விளக்குகள் தொங்கும் ஒரு மண்டபம். அதற்கு அருகே எலும்புகளைச் சேர்க்கும் சிறு கட்டடம் சாத்தியிருந்தது.

நாங்கள் தங்கிய கோயிலின் துறவி ஒருவர் உடன் வந்திருந்தார். நடுத்தர வயது, மழித்த தலை, அவசரமில்லாத பேச்சு. அங்கேயே நின்று என் கோரிக்கையைச் சொன்னேன். சொல்வதை நன்கு தயாரித்திருந்தேன். இறந்தவன் இந்த மதத்தைச் சேர்ந்தவன் அல்லன். அவனுடைய தாயின் சம்மதம் பெறப்படவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கை இதனால் நின்றுபோயிருக்கிறது. ஆகவே திருப்பித் தருவதே நியாயம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். தம்பி பாதியில் தயங்கியபோது, விடாமல் சொல்லுங்கள் என்றேன்.

துறவி முழுவதும் கேட்டார். இங்கே சேர்ந்த எலும்பு எல்லாரோடும் கலந்துவிடுகிறது, இன்னாருடையது என்று எடுக்க இயலாது என்றார்.

"முயன்று பார்க்கவாவது கதவைத் திறக்கச் சொல்லுங்கள்."

தம்பி அதை மொழிபெயர்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஜாடியில் இருப்பதை ஊரில் எங்கே வைப்பீர்கள்?"

"ஆற்றில் கரைப்போம்."

"கரைத்த மறுநாள் நான் மதராஸ் வந்து, என் அக்காள் அழுகிறாள், ஆற்றிலிருந்து எடுத்துக் கொடு என்றால்?"

எனக்குக் கோபம் வந்தது. வாதத்தில் தோற்றதால் வந்த கோபம் அன்று. அவர் கேட்டது சரியாகவே இருக்கலாம். ஆனால் எடப்பாடியில் இதைக் கேட்டுத் தலையாட்ட யாரும் இல்லை. குறையுள்ள எலும்பைக் காட்டிக் கருமாதியை இன்னும் பத்து ஆண்டு தள்ளிப்போட அந்தத் தாயால் முடியும். இதையும் சொன்னேன். அப்போதுதான் அந்த அம்மாள் முதல்முறையாக நடுவில் பேசினாள். எலும்பு ஊர்போய்ச் சேர்ந்தபிறகு அந்தப் பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று கேட்டாள்.

மறைக்காமல் சொன்னேன்: தாலியை எடுப்பார்கள், வெள்ளை உடுத்துவாள், பிறகு பிறந்த வீட்டுக்குப் போகலாம்.

அவள் விளக்குகளைப் பார்த்தபடி பேசினாள். தம்பி தரையைப் பார்த்தபடி மொழிபெயர்த்தார். "கணவன் இறந்தபோது நானும் என் கூந்தலை அறுத்து இந்த மலையில் கொண்டுவந்து வைத்தேன். மயிர் வளர்ந்துவிட்டது. இதை அவளிடம் சொல்லுங்கள். இங்கே இருப்பதைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நான் திருடி வைத்துக்கொள்ளவில்லை. அவனோடு யாரும் இல்லாமல் இருக்கக்கூடாது என்றுதான் வைத்தேன்."

நான் கதவைப் பற்றி மேற்கொண்டு கேட்கவில்லை.

விடியற்காலையில் கோயிலில் தீ வளர்த்தார்கள். சதுரக் குண்டத்தில் சமித்துகளை அடுக்கி, எண்ணெய் வார்த்து, மந்திரத்தின் ஒவ்வொரு முடிவிலும் 'சோவாகா' என்றார்கள். 'ஸ்வாஹா' என்று நான் மெல்ல முணுமுணுத்தபோது பக்கத்திலிருந்த தம்பி வியப்புடன் திரும்பினார். அதன் பொருள் அவருக்கும் தெரியாதாம். முடிவில் துறவி ஒரு சிறு மரப்பலகையைக் கையிலெடுத்து, எங்கள் எடப்பாடிக்காரனின் பெயரை ஜப்பானிய ஓசையில் வாசித்தார். அந்த அம்மாள் ஜாடியின்முன் குனிந்து நெடுநேரம் தாழ்ந்த குரலில் பேசினாள். ஊருக்குப் போகிறாய், கப்பலில் குளிரும், போர்த்திக்கொள் என்று சொன்னதாகப் பிறகு அறிந்தேன்.

அதன்பின் செம்பைக் கேட்டாள். என் கையில் இரண்டு நீளக் குச்சிகளைக் கொடுத்தாள். ஒன்று மூங்கில், மற்றது வேறு மரம். அதுபோன்ற இன்னொரு சோடியை அவள் எடுத்துக்கொண்டாள். எலும்பை ஒருவர் தனியாக எடுப்பதில்லை. இருவர், இரண்டு சோடிக் குச்சிகளால், ஒரே துண்டைச் சேர்ந்து பிடித்துத் தூக்கிவைக்க வேண்டும்.

"சாப்பாட்டில் இப்படி இரண்டு பேர் ஒரே துண்டைப் பிடித்தால் அக்காள் அடிப்பாள்" என்றார் தம்பி. "இதற்கு மட்டுந்தான். தகனத்தன்று அவளும் நானும் பிடித்தோம். உறவு இல்லாதவன் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். உறவு இருக்கிறதோ இல்லையோ, பிடிக்க இரண்டு பேர் வேண்டுமே."

குச்சியால் சோறு உண்ணவே திணறியவன் நான். என் முனை நழுவும்போதெல்லாம் அவள் தன் முனையில் பாரத்தை வாங்கிக்கொண்டு காத்திருந்தாள். செம்பு நிறைந்தது. வாயைத் துணியால் கட்டி, இரண்டு சோடிக் குச்சிகளையும் அதன்மேலேயே வைத்து முடிந்து கொடுத்தாள்.

கப்பலில் எனக்கு யோசிக்க நேரம் மிகுதியாக இருந்தது. மலையில் ஒரு பங்கு இருப்பதைச் சொல்லாமல் விட்டால் கருமாதி தடையின்றி நடக்கும், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவள் என்னிடம் கேட்டது உண்மையை. தெருவின் பொய் ஒன்றை அடக்க என் பொய் ஒன்றை வைப்பது முறையன்று. அந்த அம்மாளும் உள்ளபடி சொல்லச் சொல்லியிருந்தாள். சிங்கப்பூரைத் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

எடப்பாடியில் அவர்கள் வீட்டு முற்றத்தில் செம்பை வைத்தேன். மாமியார் அதைத் தொடவில்லை. பங்காளி ஒருவர் மட்டும் குனிந்து பார்த்தார்.

"சப்பான்காரன் கோழி எலும்பைக் கட்டிக் குடுத்தாலும் நமக்குத் தெரியவா போகுதுங்க" என்றார்.

நான் மாமியாரை நோக்கியே பேசினேன். அவன் இருந்த வீட்டைச் சொன்னேன், சோற்றின்மேல் வைத்த மிளகாயைச் சொன்னேன். அந்த அம்மாளை அவன் 'சாமி' என்றே கூப்பிட்டான், கடைசியில் தண்ணீருக்கும் அதையே சொன்னான் என்றபோது, மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பங்காளி பிறகு கோழியைப் பற்றிப் பேசவில்லை.

முந்தானையை எடுத்துவிட்டு, "எல்லாமும் இதுல இருக்குதுங்களா சாமி?" என்று கேட்டாள்.

"இல்லீங்க அம்மா" என்று சொல்லி மலையைப் பற்றியும் சொன்னேன்.

நான் அஞ்சியதே நடந்தது. "பாதியை அங்க உட்டுப்போட்டு மீதிக்குக் கருமாதி பண்றதாக்கும்? அவன் வழி தெரியாம அல்லாடறதுக்கா?" என்றாள். பங்காளியும் தலையசைத்தார். வாசற்படிக்கு உள்ளே நின்றிருந்த மருமகளின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவளுடைய குரல் மட்டும் கேட்டது. முதல்முறையாக அது என் வழியாகப் போகவில்லை.

"அத்தை, அந்த மலையில ராத்திரி ஆள் இருக்குமான்னு கேளுங்க. நம்மூர்க் காவடிக்காரங்களைத்தான் பழனி மலையில ராத் தங்க விடறாங்கன்னு நீங்கதானே பெருமையாச் சொல்லுவீங்க."

மாமியார் அவளுக்குப் பதில் சொல்லவில்லை, என்னைப் பார்த்தாள். "இருக்குமுங்களா?"

"விடிய விடிய விளக்கு எரியுதுங்க. சாமியார்கள் அங்கேயே குடியிருக்காங்க. மலை ஒரு அம்மனுடையது."

"அம்மன் காவலா?"

"ஆமாங்க."

அவள் எழுந்து செம்பின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "காவடிக்காரங்களாட்டம் மலையிலயே தங்கீட்டான்னு வெச்சுக்கறேன்" என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு துணிமேல் இருந்த குச்சிகளைக் காட்டி, அவை எதற்கு என்று கேட்டாள். சொன்னேன்.

"குச்சியிலயா? அவங்களுக்குக் கையில்லையா?"

"போடறதுக்கு ரெண்டு பேர் வேணும்னா எடுக்கறதுக்கும் ரெண்டு பேர்தான் வேணும்" என்றாள் மருமகள். "நானும் ஆத்துக்கு வரேன்."

பொம்பளைகள் ஆற்றுக்கு வரும் வழக்கம் இல்லை என்று பங்காளி தொடங்கினார். நான் பெண்கள் கூடத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குத் தேவை ஏற்படவில்லை. "வண்டியைக் கட்டச் சொல்லுங்க. அவனைப் பெத்தவ வர்றதுக்கு வழக்கத்தைக் கேக்கோணுமா?" என்று மாமியார் முடித்துவிட்டாள்.

கல்வடங்கத்தில் காவிரி அன்று தெளிவாக ஓடிற்று. ஆண்கள் கரையில் நின்றோம். இருவரும் முழங்காலளவு நீரில் இறங்கி, செம்பைப் படிக்கல்லில் வைத்து, ஆளுக்கொரு சோடிக் குச்சியைப் பிடித்தார்கள். முதல் துண்டு நழுவிப் படியில் விழுந்தது.

"நேராப் புடி புள்ளே" என்றாள் மாமியார்.

"நேராத்தான் புடிக்கறேன். நீங்கதான் இழுக்கறீங்க."

"உன்ற முனையைக் கீழ கொண்டா."

இரண்டாவது துண்டு நீருக்குப் போயிற்று. அதன்பின் செம்பு காலியாகும்வரை கை மட்டும் சேர்ந்து சேர்ந்து போய்வந்தது. முடிந்ததும் மாமியார் தன் உள்ளங்கையை நீட்டினாள். "கழட்டி எங்கையில குடு. இதுக்கு ஊரைக் கூட்ட வேண்டாம்." மருமகள் தாலியைத் தானே கழற்றிக் கொடுத்தாள்.

கருமாதிக்குக் கெங்கவல்லியிலிருந்து தகப்பனார் கோடியோடு வந்தார். அது வெள்ளைச் சேலைதான். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஆனால் அவள் அதை வாங்கி உடுத்தினாள். கூந்தலைப் பற்றி அந்த அம்மாள் சொல்லியனுப்பியதை அன்று அவளிடம் சொன்னேன். "வளந்துடுச்சாமா" என்று கேட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் தகப்பனாரோடு அவள் புறப்பட்டாள். சேலத்துக்குப் போகும் பஸ் நிற்கும் இடத்துக்கு மாமியாரும் வந்திருந்தாள். கையில் அந்தச் செம்பு. புளியும் சாம்பலும் போட்டு விளக்கியிருந்ததில் செம்பழுப்பாகப் பளபளத்தது. நிறையத் தண்ணீர் ஊற்றி, வாயை ஒரு கிண்ணத்தால் மூடியிருந்தாள். சுற்றி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதுலயா குடிக்கறது?" என்றாள் ஒருத்தி.

"மலைக்குப் போய்வந்த செம்பு" என்றாள் மாமியார். பஸ்ஸின் ஜன்னல் வழியாக அதை மருமகளின் மடியில் வைத்தாள். "ஆத்தூரு போற மட்டும் வெயிலு. வழியில குடி."

பஸ் நகருமுன் மருமகள் கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.